ஏறும் வண்டிக்கு வழி விடவும்

நீலகிரிக்குள் வெளியூர்க் கார் நுழைய இப்போது இ-பாஸ் வேண்டும். வண்டி எண் என்ன, எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்கல் என்று வரிசையாகக் கேட்கிறார்கள். ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு வண்டி ஓட்டத் தெரியுமா, யானையைக் கண்டால் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பீர்களா, பியர் பாட்டில் காலியான பிறகும் அதைக் காருக்குள்ளேயே வைத்திருக்கும் மனவலிமை உண்டா என்றெல்லாம் கேட்பதில்லை. கேட்டிருந்தால் கல்லாறு சோதனைச் சாவடியைத் தாண்டி மேலே வருவது அரசுப் பேருந்தும் அரிசி லாரியும் மட்டும்தான்.

சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, 2024 மே 7 முதல் இந்தப் பாஸ் நடப்பில் இருக்கிறது. சீசனில் நாளொன்றுக்கு 20,000 வண்டிகள் மலையேறுகின்றன என்று அரசே நீதிமன்றத்தில் கணக்குக் கொடுத்திருந்தது. கணக்கைக் கேட்டு நீதிபதிகள் திகைத்தார்கள், பாஸ் பிறந்தது. முதல் வருஷம் கேட்டவருக்கெல்லாம் பாஸ் கிடைத்தது. ஒருவரையும் திருப்பி அனுப்பாத கட்டுப்பாடு என்னும் புதுமையை நிர்வாக உலகத்துக்குத் தமிழ்நாடு அளித்த வருஷம் அது. 2025 ஏப்ரலில்தான் வரம்பு வந்தது: வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. அதுவும் ஜூன் முடிய மட்டும். கூட்டம் கூடுகிற நாளில் வரம்பும் கூடும். வெள்ளம் வரும் நாளாகப் பார்த்துக் கரையைத் தாழ்த்துகிற ஞானம் இது. அதற்கே கடைக்காரர்கள் கடையடைத்துப் போராடினார்கள். மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் போயிருக்கிறது. ஆராயட்டும். மலையில் குடியிருக்கிறவர்கள் எத்தனை வண்டியைத் தாங்குவார்கள் என்று தெரிந்துகொள்ள ஐ.ஐ.டி. வேண்டாம், மே மாத ஞாயிற்றுக்கிழமை தலைகுந்தா முக்கில் அரைமணி நேரம் நின்றால் போதும்.

சரி, வந்துவிட்டீர்கள். ஏரியும் பூங்காவும் தொட்டபெட்டாவும் நேற்றே முடிந்துவிட்டன. இன்று ஒருநாள் வட்டம். ஊட்டியில் கிளம்பி தலைகுந்தா, பைக்காரா, நடுவட்டம், கூடலூர், தெப்பக்காடு, மசினகுடி, கல்லட்டி ஏற்றம், மறுபடியும் ஊட்டி. நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கடல்மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டரில் தொடங்கி ஆயிரத்துக்கு இறங்கித் திரும்ப ஏறும் சாலை. புல்வெளி, சோலை, தேயிலை, இலையுதிர் காடு, முட்புதர்க் காடு என்று ஐந்து விதமான நிலத்தை ஒரே பகலில் காட்டிவிடும். 1986-இல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்தார்களே, அது இதையெல்லாம் சேர்த்துத்தான். காலை எட்டரைக்குக் கிளம்பினால் மாலைக்குள் முடித்துவிடலாம். ராத்திரி காட்டேஜில் கேம்ப் ஃபயர் இருக்கிறது, தவறவிடக் கூடாது.

தலைகுந்தாவில் முதல் தகராறு. வெளியூர் வண்டி கல்லட்டி வழியாகக் கீழே இறங்கக் கூடாது. டி.என். 43 என்று நீலகிரிப் பதிவெண் இருந்தால் இறங்கலாம். மற்றவர்கள் அந்த வழியில் ஏற மட்டும் செய்யலாம். யாரோ ஓர் அதிகாரிக்குக் காலையில் எழுந்ததும் தோன்றிய யோசனை இல்லை இது. 2018-இல் சென்னையிலிருந்து வந்த கார் ஒன்று அந்தச் சாலையில் பள்ளத்தில் விழுந்தது. உள்ளே ஏழு பேர். இரண்டு நாள் கழித்துத்தான் வண்டியைக் கண்டுபிடித்தார்கள். ஐந்து பேர் இறந்து போயிருந்தார்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள செங்குத்தான பாதை. ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை டிரைவர்களின் பால பாடம். சமவெளிக்காரர் மேல் கியரில் விட்டு பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருவார். பத்து வளைவுக்குள் கருகல் வாடை வரும். அதற்கப்புறம் பெடல் மட்டும்தான் இருக்கும், பிரேக் இருக்காது.

இதையெல்லாம் ஒரு காவலர் தொண்டை கிழியச் சொல்கிறார். பதில் தயாராக இருக்கிறது: “மேப் காட்டுதே சார்.” அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்குத் தெரிந்த வழி தலைகுந்தாவில் நிற்கும் போலீஸ்காரருக்குத் தெரியவில்லையே என்ற அனுதாபம் அந்தக் குரலில் இருக்கும். மேப் பலிக்கவில்லை என்றால் அடுத்த ஆயுதம் போன். எம்.எல்.ஏ.வின் மைத்துனருடைய நண்பர் லைனில் வருவார். “பேசுங்க சார், ஒரு நிமிஷம் பேசுங்க.” சாவதற்குக்கூடச் சிபாரிசு பிடிக்கும் சனத்தைக் காவலர் என்ன செய்வார், பாவம். பின்னால் நாற்பது வண்டி ஹாரன் அடிக்கிறது.

அப்புறம் பைன் காடு. நீலகிரிக்குச் சொந்தமில்லாத மரத்தை வரிசை பிடித்து நட்ட தோட்டம். அடியில் வேறொன்றும் உருப்படியாக முளைக்காது. அங்கே நின்றுதான் எல்லோரும் ‘இயற்கையின் மடியில்’ என்று படம் போடுகிறோம். உண்மையான இயற்கை சாலையின் மறுபக்கம் மொட்டையாகக் கிடக்கும் புல்வெளி. புல்லும் சோலையும் சேர்ந்து மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் கீழே ஆறு என்று ஒன்று ஓடுகிறது. வெள்ளைக்காரன் கண்ணுக்கு அது தரிசாகத் தெரிந்தது, கற்பூர மரமும் சீகையும் நட்டான். சுதந்திர இந்தியாவும் அந்த வேலையை விடாமல் செய்து, சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு மரம் அனுப்பியது. இப்போது அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட, நட்ட வனத்துறையே பிடுங்கிக்கொண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் புல்வெளிக்கு ஒன்பதாவது மைலில் ‘ஷூட்டிங் ஸ்பாட்’ என்று பெயர். கதாநாயகி ஓடிய சரிவு என்பதால் மலைக்கு ஒரு மரியாதை கிடைத்தது. அந்தச் சரிவில் நாம் உருண்டு புரண்டு சறுக்கி விளையாடி, புல்லை மண்ணாக்கிவிட்டுக் குதிரை ஏறுகிறோம்.

பைக்காரா தோடர்களுக்குப் புனிதமான ஆறு. அதில் நாம் ஸ்பீடு போட்டில் வட்டமடித்துக் கூச்சல் போடுகிறோம். 1932-இல் இங்கே பிறந்த மின்சாரத்தில்தான் கோவையின் பஞ்சாலைகள் பெருகின. கோவைக்காரர்கள் வருஷத்துக்கொரு முறை இந்தப் பக்கம் வந்து அந்தக் கடனைச் சிப்ஸ் பாக்கெட்டாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பிளாஸ்டிக்கை மாநிலம் தடை செய்வதற்குப் பல வருஷம் முன்பே தடை செய்த மாவட்டம் இது. கடைக்காரனிடம் பிளாஸ்டிக் பை இருந்தால் அபராதம். கீழேயிருந்து டிக்கி நிறையக் கொண்டுவருகிறவருக்கு ‘நல்வரவு’ வளைவு.

பாட்டில் கதை இன்னும் அழகு. உடைந்த கண்ணாடி யானைக் காலைக் கிழிக்கிறது என்று வழக்கு நடந்து, உயர் நீதிமன்றம் நெருக்க, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டத்தை டாஸ்மாக் 2022-இல் முதன்முதலாக நீலகிரியில்தான் தொடங்கியது. விற்கிறதும் அரசு, வாங்கிக்கொள்கிறதும் அரசு, யானையும் அரசு யானைதான். பத்து ரூபாய்க்காகப் பாட்டில் பொறுக்குகிறவர்கள் உள்ளூர் ஏழைகள். ஒரு ராத்திரிக்குப் பன்னிரண்டாயிரம் கொடுத்துத் தங்குகிற பெருமகன் பத்து ரூபாய்க்காகக் கடை தேடிப் போவானா? வீசுகிற சுகத்துக்கு அது கட்டணம் என்று எடுத்துக்கொள்வான்.

நடுவட்டத்தில் வண்டி ஊர்கிறது, சாலையோரம் முழுக்கத் தேயிலை. 1860-களில் சின்கோனா நட்டு, காய்ச்சலுக்குக் கொய்னா எடுத்த ஊர். அந்த வேலைக்குச் சீனக் கைதிகளைக்கூடக் கொண்டுவந்து அடைத்து வைத்தார்கள். வலுக்கட்டாயமாகக் கொண்டுவந்து நடப்பட்டவர்களின் சரித்திரம் அதோடு முடியவில்லை. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கை மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களைப் பெயர்த்தெடுத்து, இந்தப் பக்கத்துக் காட்டை வெட்டி டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டம் போட்டு, இங்கேயும் தேயிலை பறிக்க வைத்தோம். தாயகம் திரும்பியோர் என்று பெயர் வைத்து, லைன் வீடும் கொடுத்தோம். இன்று அந்தப் பெண்களில் ஒருத்தி மழைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு சரிவில் நிற்கும்போது நாம் காரை ஓரங்கட்டி, “அக்கா, அப்படியே கொஞ்சம் சிரிங்க” என்கிறோம். கிலோக் கணக்கு நிற்கிறது அவளுக்கு. சிரித்தால் எடை ஏறுமா?

2023-இல் சிறு தேயிலை விவசாயிகள் பச்சைத் தேயிலைக்குக் கிலோ 33 ரூபாய் 50 காசு கேட்டு நாள்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார்கள். நாலு கிலோவுக்கு மேல் இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள். காட்சிமுனையில் ஒரு கப் மசாலா டீக்கு அந்தக் காசை யோசிக்காமல் எடுத்து நீட்டிவிட்டு, கப்பையும் அங்கேயே போட்டுவிட்டு, “வியூ சூப்பர், டீ சுமார்” என்று தீர்ப்புச் சொல்லி வண்டி ஏறுகிறோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் சிரிப்பை நிறுத்த வேண்டியிருக்கிறது. ஊசிமலைக்கு மேலே ஒரு வளைவில் இருபுறமும் கார் நிறுத்தி, பஞ்சு மேகத்தைப் பின்னணியில் வைத்து ரீல்ஸ் எடுக்கிறார்கள். கீழே கூடலூரிலிருந்து 108 ஏறி வருகிறது. கூடலூரில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஐம்பது கிலோமீட்டர் மலையேறி ஊட்டி வர வேண்டும், இல்லாவிட்டால் கேரளத்துக்கு இறங்க வேண்டும். ஊட்டியில் 700 படுக்கையுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025-இல்தான் திறந்தது. அதற்கு முன்பு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கோவை வரை. எத்தனையோ வருஷம் கேட்டு வாங்கிய ஆஸ்பத்திரிக்கும் நோயாளிக்கும் நடுவில் இப்போது ஒரு ட்ரோன் பறக்கிறது. மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது விதி. டிரைவிங் ஸ்கூலில் படித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கியவர்கள்தான் எல்லோரும். சைரன் அலறுகிறது. “ஒரே ஒரு ஷாட் பாஸ்.” அந்த ஷாட்டில் சைரன் சத்தம் விழுந்திருக்கும், அதை அழித்துவிட்டு ஒரு இளையராஜா பாட்டைப் போட்டுவிடுவார்கள். பின்னணி இசைக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமா?

ஏழு லட்சத்துக்கு மேல் மனிதர்கள் இந்த மாவட்டத்தில் வாழ்கிறார்கள் என்பது 2011 கணக்கெடுப்பிலேயே இருக்கிறது. நம் கண்ணில் படுகிறவர்கள் சோளம் சுடுகிறவர், பார்க்கிங் சீட்டுக் கிழிக்கிறவர், “ரூம் வேணுமா சார்” என்கிறவர். மற்றவர்கள் சீசனில் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்ப இரண்டு மணி நேரம் முன்னால் கிளப்புகிறார்கள், கல்யாணத்தை மே மாதத்தில் வைக்காமல் தள்ளிப் போடுகிறார்கள்.

கூடலூரில் பிரியாணி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே இருக்கும்.

தொரப்பள்ளி தாண்டினால் முதுமலை. நிறுத்தாதீர், இறங்காதீர், விலங்குகளுக்கு உணவு கொடுக்காதீர் என்று பலகை. அந்தப் பலகைக்கு அடியிலேயே நிறுத்தி, இறங்கி, குரங்குக்கு முறுக்குக் கொடுக்கிறோம். புண்ணியமாம். அதே குரங்கு மறுநாள் முறுக்குக் கிடைக்கும் என்று நடுரோட்டில் உட்கார்ந்து இன்னொரு புண்ணியவான் சக்கரத்தில் சாகிறது. மைசூர் போகும் இதே சாலையில் பண்டிப்பூர்க் காட்டுக்குள் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துக்குத் தடை. ஒரு நாளில் பதினைந்து மணி நேரம் நமக்கு, ஒன்பது மணி நேரம் விலங்குகளுக்கு. அந்த ஒன்பதையும் கொடு என்று உச்ச நீதிமன்றம் வரை போனவர்கள் உண்டு. 2025 ஆகஸ்டில் பண்டிப்பூரில் ஒருவர் காரைவிட்டு இறங்கிக் காட்டு யானையோடு செல்ஃபி எடுக்கப் போனார். யானை துரத்தியது, விழுந்தார், மிதி வாங்கினார், ஆயுசு கெட்டியாக இருந்ததால் பிழைத்தார். கர்நாடக வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் போட்டது. யானைக்கு அதில் ஒரு பைசா கொடுத்ததாகத் தகவல் இல்லை.

தெப்பக்காடு யானை முகாமில் கூட்டம். ‘எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் வாங்கியதும் அதில் வரும் பொம்மனும் பெள்ளியும் நாட்டுக்கே தெரிந்தவர்களானார்கள். அதற்கு முன்பும் காட்டுநாயக்கர்கள் இதே முகாமில் இதே யானைகளைக் குளிப்பாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். நமக்குப் பார்க்க நேரமில்லை. இப்போது வந்து, “இதுல ஆஸ்கர் யானை எது?” என்று கேட்கிறோம். தாயை இழந்த குட்டியை ராத்திரி பகல் பார்த்து வளர்த்த கதையை லாஸ் ஏஞ்சல்ஸ் முத்திரை குத்தி அனுப்பினால்தான் கோயம்புத்தூர்க்காரனுக்குக் கண் கலங்குகிறது.

மசினகுடிக்கு வந்துவிட்டோம். கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே யானைகள் போய்வருகிற சீகூர்ப் பீடபூமி இதுதான். அந்த வழியில் கட்டின ரிசார்ட்டுகளுக்கு இரண்டு நாக்கு. விளம்பரத்தில் பேசுகிற நாக்கு, ‘உங்கள் பால்கனியிலிருந்தே காட்டு யானைகளைக் கண்டு களியுங்கள்’ என்னும். நீதிமன்றத்தில் பேசுகிற நாக்கு, ‘கனம் நீதிபதி அவர்களே, இது யானை வழித்தடமே இல்லை’ என்னும். அரசு வழித்தடத்தை அறிவித்தது 2010-இல், உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது 2011-இல், உச்ச நீதிமன்றம் கட்டடங்களுக்குச் சீல் வைக்கச் சொன்னது 2018-இல், வழித்தடத்தை உறுதி செய்தது 2020 அக்டோபரில். பத்து வருஷமும் யானைகள் வாய்தாவுக்கு வராமல் நடந்துகொண்டிருந்தன. வழியில் சூரிய மின்வேலி, டிஜே, ராத்திரியில் திருட்டு ‘நைட் சஃபாரி’ ஜீப்பின் விளக்கு.

தீர்ப்பு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2021 ஜனவரியில், ஏற்கெனவே முதுகில் காயத்தோடு ஊரைச் சுற்றி அலைந்துகொண்டிருந்த ஒரு யானை மீது, மாவனல்லாவில் ஒரு தங்கும் விடுதிக்காரர்கள் எரிகிற டயரை எறிந்தார்கள். தீ காதில் பற்றிக்கொண்டது. எரியும் தலையோடு அது இருட்டுக்குள் ஓடுவதை ஒருவன் படமும் எடுத்தான். சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வழியில் லாரியிலேயே செத்தது. தும்பிக்கையைத் தடவி ஒரு வனக் காவலர் அழுத வீடியோவை நாடே பார்த்து அழுதது. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த கையோடு அடுத்த சனிக்கிழமைக்கு மசினகுடியில் ரூம் தேடியது. தேடும்போது கேட்ட ஒரே கேள்வி: யானை கட்டாயம் வருமா?

எறிந்தவர்கள்மீது வழக்குப் பதிந்தார்கள், கைது செய்தார்கள், கட்டடத்துக்குச் சீல் வைத்தார்கள். சரி. அந்தக் கட்டடத்தை அங்கே கட்ட அனுமதித்தது யார், மின்சாரம் கொடுத்தது யார், அனுமதியே இல்லையென்றால் கண்ணை மூடிக்கொள்ளக் கூலி வாங்கியது யார்? சுற்றுலாத் துறை வா வா என்கிறது. வனத்துறை வராதே என்கிறது. நெடுஞ்சாலைத் துறை நெரிசலைக் குறைக்கிறேன் என்று சாலையை அகலப்படுத்துகிறது. அகலமானதும் இன்னும் ஆயிரம் வண்டி வருகிறது, மண் சரிகிறது, தடுப்புச் சுவர் டெண்டர் வருகிறது. மூன்று துறைக்கும் ஒரே அரசுதான் சம்பளம் கொடுக்கிறது. 2009 நவம்பர் மழையில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாள்களில் மட்டும் எல்லாத் துறையும் ஒரே குரலில் பேசும்: ‘சுற்றுலாப் பயணிகள் பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டனர்.’ உள்ளூர்க்காரர் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மணி ஐந்தரை. வாழைத்தோட்டம் தாண்டிக் கல்லட்டி ஏற்றம் தொடங்குகிறது. ஏழு பேர், ஏழு பேரின் பெட்டிகள், ஏசி, இரண்டாம் கியர். பாதி வளைவு தாண்டியதும் வண்டி மூச்சுத் திணறி, பானட்டிலிருந்து புகை விட்டு, கொண்டை ஊசியின் நட்டநடுவில் நின்றுவிடுகிறது. மேலேயிருந்து டி.என். 43 ஜீப்புகள், ஊட்டிக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் சனத்தோடு மசினகுடி பஸ். கீழேயிருந்து நம்மைப் போல இன்னும் முப்பது பேர். ஜீப்பிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் சாலையோரத்தில் இரண்டு கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிறார். ஏசியை அணைக்கச் சொல்கிறார், ஆளையெல்லாம் இறக்கிவிடச் சொல்கிறார், அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன கையைத் தட்டிவிடுகிறார். இறங்கி நின்ற பெருமகன் நாள் முழுக்கச் சுற்றியும் ஒரு யானைகூடக் கண்ணில் படாத கோபத்தில் இருக்கிறார். இ-பாஸ் எடுத்து, சுங்கம் கட்டி, ரூமுக்குக் கொட்டிக் கொடுத்து வந்தவர் அல்லவா.

“ஏங்க, இந்த ரோட்ல யானை வரும்னாங்க, எப்பத்தான் வரும்?”

கல்லைச் சரிசெய்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“நீங்க வண்டிய எடுங்க சார், வரும்.”